மிருகத்துக்குக் கொடுத்த வாய்

சிங்கம் முடிஞ்சிட்டு. இனி கரடி. கரடிக்குப் பிறகு சிறுத்தை, அதுக்குப் பிறகு பேரே இல்லாத நாலாவது மிருகம், அப்புறம் அவ வருவா. செவப்பு மிருகத்து மேல செவப்புச் சேலை கட்டி உக்காந்திருக்கவ. மேடைக்குப் பின்னால கட்டியிருக்க ஃப்ளெக்ஸ்ல கடைசிப் படம் அவதான், கையில கிண்ணத்தோட. அச்சுக்கடைக்காரன் எந்த நகைக்கடை விளம்பரத்துல இருந்து அந்த மூஞ்சியை வெட்டி ஒட்டினானோ, நெத்திச்சுட்டி கூட அப்படியே இருக்கு. சிங்கம் தீப்பெட்டிப் படம். கரடி ஏதோ பிள்ளைங்க ஸ்கூல் பையில இருந்தது போல, வாயில மூணு விலா எலும்பை வச்சுக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு நிக்கு. வேற நாளா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். இன்னிக்குக் குமட்டுது. மத்தியானச் சோறு தொண்டைக்குழியிலயே நிக்கு. பந்தலுக்குள்ள பேருக்குக் கூட காத்து இல்ல, ஓலை வெந்த வாடை அடிக்கு, பக்கத்துல நிக்க டாக்டர் வின்ஸ்டன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மீன்குழம்பும் ஏலக்காயும் சேந்து என் மூஞ்சில அடிக்கு. வேதத்துல வார இந்த மிருகங்களைப் பத்தி அவரு இங்கிலீஷ்ல ஒரு வரி பிரசங்கிப்பாரு, நான் அதைத் தமிழ்ல சொல்லணும். எனக்குக் குடுத்திருக்க ஊழியம் அது. கன்வென்ஷன் மொழிபெயர்ப்புன்னா ஹெப்சிபா டீச்சர்னு எங்க சபையில சின்னப்பிள்ளையும் சொல்லும். "சிஸ்டர்?"ங்காரு. ஒரு வரியை விட்டுட்டேன் போல. என்ன சொன்னாரு? கரடி ஒரு பக்கமா எழும்பி நின்னுச்சுன்னாரு. "அது ஒரு பக்கமாய் எழும்பி நின்றது, பிரியமானவர்களே"ங்கேன். பிரியமானவர்களாம். எல்லாரும் சோத்து மயக்கத்துல கண்ணு சொருகி உக்காந்திருக்காங்க.

இந்த மனுசனுக்குத் தமிழ் தெரியாதுன்னா கூட எனக்கு இவ்வளவு எரியாது. நாகர்கோவில்ல பிறந்து வளந்தவரு. அம்மாகிட்ட ஃபோன்ல பேசுததை நானே கேட்டேன், "எம்மா, மருந்து குடிச்சியளா"ன்னு. பெங்களூர்ல சபை, பேருக்கு முன்னால டாக்டர் பட்டம், அதனால மேடை ஏறினா இங்கிலீஷ். கமிட்டித் தலைவர் ஏசுவடியான் மாமாவுக்கும் அதுதான் வேணும். "தமிழ்ல பிரசங்கம் பண்ண நம்மூர்லயே ஆள் கெடக்கு, ட்ரான்ஸ்லேஷன் இருந்தாத்தான் கன்வென்ஷனுக்கு ஒரு எடுப்பு"ன்னவரு அவரு. தமிழ் தெரிஞ்சவரு தமிழ் தெரிஞ்ச சனத்துக்கு இங்கிலீஷ்ல சொல்லுதாரு, நான் நடுவுல நின்னு அதைத் திரும்பத் தமிழாக்குதேன். இந்தக் கூத்தை எந்தத் தீர்க்கதரிசியும் தரிசனத்துல கூடக் கண்டிருக்க மாட்டான். இன்னிக்கு மத்தியானம் மாமா வீட்டுலதான் சாப்பாடு. ஆம்பிளைங்க முன்னால ஹால்ல, பொம்பளைங்க பின்னால. நான் கை கழுவப் போனேன், வாஷ்பேசினுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு திரைச்சீலைதான். மாமா தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஐயா, ஒரு ஜெப விண்ணப்பம்"னாரு. "என் மருமவதான். எம்மவனை விட்டுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா. ஆஸ்பத்திரியில டூட்டிங்கா, எங்க யாருகூடத் திரியுதாளோ. இன்னிக்குக் கூட்டத்துக்கு வருவா போல. அந்த மிருகத்து மேல உக்காந்தவளைப் பத்திச் சொல்லும்போது ஒரு பிடி பிடிங்க. பேரு சொல்ல வேண்டாம். சனத்துக்குப் புரியும்." வின்ஸ்டன் முள்ளைத் துப்பிட்டு, "ஆவியானவர் நடத்துவாரு அண்ணாச்சி"ன்னாரு. அந்த மருமவ கெத்சியாள், என் கூடப் பிறந்த தங்கச்சி. ஆவியானவர் நடத்துவாராம்! குழம்புக் கையோட ஆவியானவருக்கு உத்தரவு குடுக்காங்க ரெண்டு பேரும். நான் குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன். ஏன் திரையை விலக்கிட்டு உள்ள போகல? போயிருக்கணும். அங்கேயே நின்னு கெத்சிக்கு ஃபோன் போட்டேன். கூட்டத்துக்கு வரும்போது ஃபோனை அணைச்சு வைன்னு சொல்லிக்குடுத்த மடச்சி நான்தான், அவளும் சமத்தா அணைச்சு வச்சிருந்தா.

அந்தா உக்காந்திருக்கா. பொம்பளைங்க பக்கம், மூணாவது பாய். மடியில அவ பிள்ளை ஜெமி தூங்குது, வாயைத் திறந்து வச்சுக்கிட்டு. பச்சைச் சேலை. அவளை ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எல்லாரும் உக்காந்திருக்காங்க, தொட்டா ஒட்டிக்கிடும் பாருங்க. "எல்லாரும் என்னையவே பாப்பாவ எக்கா, நான் வரல"ன்னா. நான்தான் விடல. "நீ என்னையப் பாத்துக்கிட்டு உக்காருட்டி, நான் மேடையிலதான நிப்பேன்"னேன். அவளும் இப்ப என்னையத்தான் பாக்கா. வாரி எலும்பு... இல்ல, விலா எலும்பு. "அதின் பற்களுக்குள் மூன்று விலா எலும்புகள் இருந்தன." போன வாட்டி கன்வென்ஷன்ல இந்த மூணு எலும்பு மூணு தேசம். இந்த வாட்டி வேற மூணு தேசம். பழைய தேசமெல்லாம் எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல, ரெண்டையும் நான்தான் தமிழ்ல சொன்னேன். கரடிக்கு யாரோ உத்தரவு குடுக்காங்களாம், எழும்பி நிறைய மாம்சம் தின்னுன்னு. கெத்சி எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு மணிக்கட்டு இட்டிலி மாதிரி வீங்கியிருந்துச்சு. புருசன் பிரின்ஸ் கதவை அடைச்சான், இவ கை நடுவுல இருக்குன்னு பாத்துட்டே அடைச்சான். அதுக்கு முன்னால எத்தனையோ. "கதவுல பட்டுட்டு எக்கா"ன்னு முதல்ல என்கிட்டயே பொய் சொன்னா. எலும்பை எக்ஸ்ரே எடுத்த படத்தைப் பாத்துட்டு டாக்டரம்மாதான் அதட்டி வாங்கினாங்க. மாமா அதுக்கு என்ன சொன்னாரு? "புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும்"னாரு. அந்தா பிரின்ஸ் நிக்கான், வாலண்டியர் பேட்ஜ் குத்திக்கிட்டு, வெள்ளைச் சட்டையில, வாரவங்களுக்குப் பாய் எடுத்துப் போட்டுக்கிட்டு. கர்த்தாவே, எவ்வளவு பணிவு! இப்படியும் ஒரு பணிவு! வின்ஸ்டன் கரடியைப் பத்திக் கரடியாக் கத்துதாரு, எச்சில் தெறிக்கு, என் கன்னத்துல விழுது, மைக்கைப் பிடிச்சிருக்க கையால துடைக்கவும் முடியல.

சிறுத்தை. நாலு தலை, நாலும் ஒரே ஃபோட்டோ, முதுகுல றெக்கை மாதிரி செட்டை. இது ஒரு ராஜ்யம், நாலு தலை நாலு பெரிய கம்பெனிங்காரு. சரி, நாலு கம்பெனி. நாலு தலைக்கும் அர்த்தம் சொல்லுதேன். எனக்கு எப்பவும் இந்த இடத்துல, இதையெல்லாம் தரிசனத்துல கண்ட தானியேல் தீர்க்கதரிசியை நினைச்சாத்தான் பாவமா இருக்கும். பாபிலோன்ல அடிமை அவன். படுக்கையில கிடந்து கடல்ல இருந்து ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மிருகம் ஏறி வாரதைப் பாத்தான். முகம் வேறுபட்டுப் போச்சு, கலங்கிட்டான். இன்னொரு தரிசனத்துக்குப் பிறகு நாள்கணக்கா நோயாப் படுத்துட்டான். பாத்தவனுக்குச் சோறு இறங்கல. எதையுமே பாக்காத இவங்களுக்கு நடுத்துண்டு மீன் கேக்கு, தின்னுட்டு ஏப்பமும் விட்டுட்டு மேடை ஏறி, கொம்புக்கு இது, செட்டைக்கு அதுன்னு சரக்குக் கடையில விலை சொல்லுத மாதிரி சொல்லுதாங்க. சீ! எனக்குப் புரிஞ்ச அர்த்தம் ஒண்ணுதான். அந்த மிருகமெல்லாம் ராஜாக்கள். தின்னுதவங்க, மிதிக்கவங்க. அடிமையா இருக்கவன் ராஜாவைப் பேரைச் சொல்லித் திட்டினா தலை போயிரும், அதனால பல்லு, நகம், கொம்புன்னு சொன்னான். மிதிபட்டவன் பேசின பாஷை அது. அதை எடுத்து மிதிக்கவன் பேசுதானே இப்ப! மத்தியானம் மாமா சொன்னாரே, பேரு சொல்ல வேண்டாம், சனத்துக்குப் புரியும்னு. அவருக்கு யாருகிட்ட பயம்? கெத்சிகிட்டயா? ஒரு சூட்கேசும் பிள்ளையும் கொண்டு ஆட்டோவுல ஏறி வந்தவகிட்ட அவருக்கு என்ன பயம்? பயம் இல்ல, கை அழுக்காகக் கூடாது, அவ்வளவுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

நாலாவது. இரும்புப் பல்லு, வெண்கல நகம், பத்துக் கொம்பு. படத்துல அது ஏதோ சினிமாவுக்குக் கம்ப்யூட்டர்ல செஞ்ச ராட்சசப் பல்லி. சனம் நிமிந்து உக்காருது, இதுக்குத்தான் காத்திருந்தாங்க. தோலுக்குள்ள வைக்கப் போற சிப்பு, நெத்தியில அடிக்கப் போற முத்திரை, எல்லாம் வரும். முன்னால ஏடிஎம் கார்டுதான் முத்திரைன்னு ஒருத்தர் சொன்னாரு, நான் மொழிபெயர்த்தேன், எங்க ஸ்கூல் ஆயா பாவம் கார்டை அடுப்புல போட்டுட்டு வந்து நின்னுச்சு. இன்னிக்கு ஃபோனாம். ஃபோன்ல பேசித்தான் அவங்க அம்மாவை மருந்து குடிக்க வைக்காரு. சொல்லுதேன், சொல்லுதேன், அதையும் சொல்லுதேன். என் குரல் நல்லாத்தான் இருக்கு, ஏத்த இறக்கமெல்லாம் பழக்கத்துல தானா வருது, உள்ள இருக்கவ மட்டும் வேற எங்கயோ கிடக்கா. நிறுத்திட்டு இறங்கிரலாமா? தலை சுத்துதுன்னு சொல்லலாம். மயங்கி விழுந்த மாதிரி விழலாம். விழுந்தா என்ன ஆகும், அந்தா வாலிபர் சங்கத்து மோசஸ் இருக்கான், அவன் ஓடி வந்து மைக்கைப் பிடிப்பான், இன்னும் உரக்கச் சொல்லுவான், கை தட்டு கிடைக்கும்னா ரெண்டு வார்த்தை கூடவும் போட்டுச் சொல்லுவான். நான் நின்னாலாவது... நின்னா என்ன? மெதுவாச் சொல்லுவேனா? சர்க்கரை தடவிச் சொல்லுவேனா? மாத்திச் சொல்லலாம். அந்தப் பொம்பளை ஒரு பட்டணம், பெரிய பட்டணம், அப்படித்தான் வேதத்துல அங்கேயே விளக்கமும் எழுதியிருக்கு, அதையே சொல்லிட்டுப் போயிரலாம். ஆனா பக்கத்துல நிக்கவருக்குத் தமிழ் தெரியுமே, பாவி மனுசன் திருத்துவாரு. சின்னக் கொம்பு வந்துட்டு. பத்துக் கொம்புக்கு நடுவுல ஒரு சின்னக் கொம்பு முளைக்கு, அதுக்கு மனுசக் கண்ணு, பெருமை பேசுத வாய். கொம்புல எப்படி வாய் இருக்கும்னு சின்னதுல எனக்குச் சிரிப்பா வரும். இப்ப வரல. மிருகம் தானா பேசாது, உறுமத்தான் செய்யும். அதுக்கு ஒரு வாய் வேணும். யாராவது ஒருத்தரு வாயைக் குடுக்கணும். யாரு குடுக்கா? நல்ல உச்சரிப்போட, சேலைத் தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டு, பிரியமானவர்களேன்னு சொல்லிக்கிட்டு? கர்த்தாவே, நான்தானா அது? அவரு மென்னு மென்னு என் வாய்க்குள்ள வைக்காரு, நான் அதை சனத்துக்கு ஊட்டுதேன். நாக்கு தடிச்சுப்போய்க் கிடக்கு. உமிழ்நீரை முழுங்கக் கூட எனக்கு அருவருப்பா இருக்கு.

வந்துட்டா. "அவள் சிவப்பான மிருகத்தின் மேல் ஏறியிருந்தாள்." சொல்லிட்டேன், அது எழுதியிருக்கது. "அவள் கையில் ஒரு கிண்ணம் இருந்தது." அதுவும் எழுதியிருக்கது. வின்ஸ்டன் ஆம்பிளைங்க பக்கம் பாத்துப் பேசிக்கிட்டிருந்தவரு அப்படியே உடம்பைத் திருப்புதாரு பொம்பளைங்க பக்கம். எல்லாரும் இப்படித்தான் திரும்புவாங்க இந்த இடம் வந்தா, பட்டணம் எல்லாம் பொம்பளைங்க பாயிலதான் உக்காந்திருக்கு. குரலைத் தாழ்த்துதாரு. கைக்குட்டையால கழுத்தைத் துடைக்காரு. சொல்லுதாரு, நிறுத்தி, நிதானமா, இங்கிலீஷ்ல. இந்த மத்தியானம் அப்படி ஒருத்தி இந்தப் பந்தலுக்குள்ள உக்காந்திருக்கா. புருசன்ங்கற நிழலை விட்டு வெளிய போனவ. வேலைங்கற பேர்ல ஊர் சுத்துதவ. அவ கையில இருக்க அசுத்தக் கிண்ணத்துல இருந்துதான் அவ பெத்த பிள்ளையும் நாளைக்குக் குடிக்கும், தாயைப் போலவே அதுவும் வேசியாகும். முடிச்சுட்டு என்னையப் பாக்காரு.

எங்க பந்தல்ல இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நடுவுல ஒரு மூச்சு நேரம் இருக்கும். எப்பவும் இருக்கும். சனம் பிரசங்கியார் வாயை விட்டுட்டு என் வாயைப் பாக்கத் திரும்புத நேரம். இப்ப அந்த நேரம். இன்னும் யாருக்கும் தெரியாது. மாமாவுக்குத் தெரியும், தலையை ஆட்டிக்கிட்டு ஆமென் சொல்ல வாயைக் கூட்டி வச்சிருக்காரு. எனக்குத் தெரியும். பிறகு யாருக்கு? கெத்சிக்கு. நர்சு அவ, டாக்டருங்க பேசுததைக் கேட்டுக் கேட்டு என்னைய விட நல்லா இங்கிலீஷ் புரியும் அவளுக்கு. நான் என்ன மடச்சி, நான் தமிழ்ல சொன்னாத்தான் அவளுக்கு வலிக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவளுக்கு ஏற்கனவே விழுந்துட்டு. தூங்குத பிள்ளையோட காதை உள்ளங்கையால மூடியிருக்கா. அழல. எழும்பி ஓடல. என்னையப் பாக்கா. சொல்லாத எக்கான்னு கெஞ்சுத பார்வையா இருந்தா எனக்குத் தாங்கியிருக்கும். அது இல்ல. எக்கா என்ன செய்யப் போறான்னு பாக்கா, அவ்வளவுதான். ஜுரம் பாக்க மாதிரி பாக்கா. தமிழ் வார்த்தை எல்லாம் என் நாக்குல வரிசையா வந்து நிக்கு, பழகின நாக்கு, அடுக்கிக் குடுத்துட்டு, வாயைத் திறந்தாப் போதும். தங்கச்சி பிள்ளையைப் பெத்தப்போ முதல்ல கையில வாங்கினவ நான். அந்தப் பிள்ளையை, என் வாயால, அந்த வார்த்தை. த்தூ. "சிஸ்டர்?"ங்காரு. நிக்கேன். மறுபடி "சிஸ்டர்?" நிக்கேன். சனம் லேசா அசையுது. அவரு தன் மைக்கைக் கையால பொத்திக்கிட்டு, என் பக்கம் குனிஞ்சு, நல்ல நாகர்கோவில் தமிழ்ல கேக்காரு: "சொல்லும்மா. ஏன் நிக்க?"

"ஐயா, இப்ப என்கிட்ட தமிழ்ல பேசினீங்கள்ல"ங்கேன். மைக்குல கேக்கு, பந்தலோட கடைசிக்கு அங்கிட்டு டீக்கடை வரைக்கும் கேக்கும், என் குரல் எனக்கே அந்நியமா இருக்கு. "அதே தமிழ்ல இதையும் நீங்களே சொல்லிருங்க. அந்தா உக்காந்திருக்கா, பச்சைச் சேலை. கெத்சியாள்னு பேரு. என் தங்கச்சி. அவ மூஞ்சியைப் பாத்து உங்க வாயால சொல்லுங்க." சிரிக்காரு. இங்கிலீஷ்ல ஏதோ ஆரம்பிக்காரு. நான் வாயைத் திறக்கல. அவரு இங்கிலீஷ் தனியாப் போயி பந்தல்ல தொங்குது, எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. தமிழ்ல சொல்லணும்னா சொல்லிரலாம், அழகாச் சொல்லுவாரு, தெரியும் எனக்கு. கெத்சி நிமிந்து அவரைப் பாக்கா. சனம் காத்துக்கிட்டு இருக்கு. அவரால முடியல. கண்ணு மாமாகிட்டப் போகுது, நீரு சொல்லும்ங்கற மாதிரி. மாமா துண்டை உதறிட்டு எழும்புதாரு. "ஏ ஹெப்சிபா! திமிரா? மேடையை விட்டு இறங்கு!" நான் வேலை பாக்க ஸ்கூலுக்கும் அவருதான் கரெஸ்பாண்டன்ட், என் வேலையும் அவரு கையிலதான். "இறங்குதேன் மாமா. மத்தியானம் சாப்பாட்டுல நீங்க இவருக்குச் சொல்லிக்குடுத்ததைத்தான் இவரு பிரசங்கிச்சாரு. அவரு சொல்ல மாட்டேங்காரு, நீங்க வந்து சொல்லுங்க. பிரின்ஸ் கதவை அடைச்சதையும் சேத்துச் சொல்லுங்க." பிரின்ஸ் கையில பாயோட நிக்கான், விரிக்கவும் இல்ல, கீழ போடவும் இல்ல. யாரோ பாட்டுக்காரப் பிள்ளைங்களைப் பாத்துக் கையை அசைக்காங்க, கீபோர்டு திடீர்னு உசுரு வந்து அலறுது.

மைக்கை நாற்காலியில வச்சுட்டு இறங்குதேன். மணல்ல செருப்பைத் தேடினேன், கிடைக்கல, அப்படியே நடக்கேன். பொம்பளைங்க காலை மடக்கி வழி விடுதாங்க. ஒருத்தி முக்காட்டை இழுத்து மூஞ்சியை மறைக்கா, ஒருத்தி என் புறங்கையைத் தொட்டுட்டு டக்குனு எடுத்துக்கிடுதா. மூணாவது பாய். கெத்சிக்குப் பக்கத்துல இடம்தான் நிறையக் கிடக்கே. உக்காந்த உடனே வயித்தைப் பிரட்டுது, குனிஞ்சிட்டேன், ஒண்ணும் வரல, கசப்பு மட்டும் வாய் நிறைய. நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நினைக்கேன், உன்னை வரச் சொன்னதே நான்தானட்டின்னு சொல்லணும். கெத்சி ஒரு கையால என் நெத்தியைத் தாங்கிப் பிடிச்சிருக்கா, அந்தக் கை, இன்னும் சரியா மடங்காத அந்தக் கை. இன்னொரு கையால ஜெமியோட தண்ணி பாட்டிலைத் திறந்து என் வாய்கிட்டக் கொண்டு வாரா.

"முழுங்கிராத எக்கா. கொப்புளி."

கொப்புளிச்சு மணல்ல துப்பினேன்.

"இன்னொரு வாட்டி"ன்னா.